வெண்ணெய் பிரியாத பூண்டு சாஸ்

இறால் நன்றாகத்தான் வெந்திருந்தது. அதைச் சுற்றி இருந்ததுதான் பிரச்சினை. தட்டு முழுக்க மஞ்சளாக எண்ணெய் தேங்கி நின்றது, அதில் அங்கங்கே கறுப்புப் பொட்டுகளாகப் பூண்டு. அம்மா ஒவ்வொரு இறாலாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்து, எண்ணெய் வடிந்த பிறகு சாப்பிட்டார். "இறால் நல்லா இருக்கும்மா. இந்த எண்ணெய்தான் திகட்டுது. பூண்டும் கசக்குது" என்றார். 100 கிராம் வெண்ணெயும் ஒரு முழுப் பூண்டும் போட்டிருந்தேன். அத்தனையும் தட்டிலேயே தங்கிவிட்டது, இறாலில் கொஞ்சம்கூட ஒட்டவில்லை.

அடுத்த முறை வெண்ணெயைப் பாதியாகக் குறைத்தேன். தேங்கிய எண்ணெய் குறைந்தது, அவ்வளவுதான். அதற்கடுத்த முறை சோள மாவு கரைத்து ஊற்றினேன். சாஸ் ஒட்டியது, ஆனால் வெண்ணெய் மணம் மங்கிப்போய் நாக்கில் பசை மாதிரி நின்றது. கிரீம் சேர்த்தபோது பாலின் சுவைதான் முந்திக்கொண்டு வந்தது. அளவில்தான் எங்கோ தப்பு செய்கிறோம் என்று நினைத்துப் பல மாதம் அளவையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். அளவில் ஒரு குறையும் இல்லை. வாணலியின் சூடும், அதில் இருந்த தண்ணீர் காணாமல் போனதும்தான் காரணம் என்று புரிய நாளாயிற்று.

வெண்ணெய் என்றால் முழுக்கக் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமான வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் வரை தண்ணீர், மிச்சம் பாலின் புரதமும் சர்க்கரையும் உப்புகளும். சூடான வாணலியில் வெண்ணெய் போட்டதும் சடசடவென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும் சத்தம். சத்தம் அடங்கியது என்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேலும் அடுப்பில் விட்டால் பாலின் திடப்பொருள் அடியில் இறங்கிப் பழுப்பாகும், நெய் காய்ச்சும் மணம் வரும். அருமையான மணம்தான். ஆனால் அந்த நிலைக்கு வந்த வெண்ணெய் வெறும் உருகிய கொழுப்பு. அது இறாலில் ஒட்டாது, வழுக்கிக் கீழே போய்விடும்.

சாஸாக நிற்க வேண்டுமானால் வெண்ணெயில் கொழுப்பும் தண்ணீரும் சேர்ந்தே இருக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் பால்மம் என்று படித்தோமே, அதுதான் இங்கே நடக்கிறது. கட்டி வெண்ணெயில் கொழுப்புக்குள்ளே தண்ணீர் துளித்துளியாக இருக்கிறது. சாஸில் அது தலைகீழாக மாற வேண்டும், தண்ணீருக்குள்ளே கொழுப்பு துளித்துளியாகப் பரவ வேண்டும். பாலின் புரதமும் வெண்ணெயில் இயல்பாகவே இருக்கிற லெசித்தின் போன்ற பொருட்களும் அந்தத் துளிகளைச் சுற்றி நின்று, ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்ளும். அதனால் தனியாக மாவோ கிரீமோ தேவையே இல்லை. வெண்ணெயிலேயே எல்லாம் இருக்கிறது. நாம்தான் சூட்டைக் கூட்டி அதைக் கலைத்துவிடுகிறோம்.

இதைச் சோதிக்க ஒரு நாள் இறால் எதுவும் இல்லாமல், வெறும் தண்ணீரையும் வெண்ணெயையும் மட்டும் வைத்துப் பார்த்தேன். சின்ன வாணலியில் 2 மேசைக்கரண்டி தண்ணீர். ஓரத்தில் சின்னக் குமிழ் வரும்வரை சூடாக்கித் தீயை மிகவும் தணித்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெயைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, முதலில் இரண்டு துண்டு மட்டும் போட்டு வாணலியை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். துண்டுகளின் ஓரம் கரைந்து தண்ணீர் முதலில் கலங்கியது. பிறகு பால் மாதிரி வெளுத்தது. மூன்றாவது, நான்காவது துண்டு கரையும்போது இளமஞ்சளில், மேலே ஒரு சொட்டு எண்ணெய்கூட மிதக்காமல், கஞ்சிப் பதத்தில் வந்து நின்றது. கரண்டியைத் தோய்த்து எடுத்து அதன் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு மூடிக்கொள்ளாமல் அப்படியே நின்றது. அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு அந்தக் கரண்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

குளிர்ந்த வெண்ணெய் ஏன் என்று கேட்கலாம். குளிர்ந்த துண்டு மெதுவாக உருகும். உருக உருக ஆட்டுவதால் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் சிதறும். கூடவே, அது சாஸின் சூட்டையும் ஏறவிடாது. ஏற்கெனவே உருக்கிய வெண்ணெயை ஒரே மூச்சில் ஊற்றினால் பெரிய பெரிய துளிகளாக மேலே மிதக்கும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் சரியாகச் சேராது.

சரி, பூண்டுக்கு வருகிறேன். கசப்புக்கு இரண்டு காரணம் உண்டு. பொதுவான காரணம், கருகுவது. பூண்டுப் பல்லில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். பொடியாக நறுக்கிய துண்டு கொழுப்பில் விழுந்ததும் அதைச் சுற்றிக் குமிழ் குமிழாக வருவது அந்தத் தண்ணீர் வெளியேறுவதால்தான். குமிழ் இருக்கும்வரை பூண்டு பத்திரம். குமிழ் குறைந்து துண்டுகள் ஓரத்தில் வைக்கோல் நிறம் காட்டத் தொடங்கினால், அடுத்த பத்துப் பதினைந்து வினாடியில் அது பழுப்பாகிக் கசந்துவிடும். இந்தச் சாஸுக்கு அந்த வைக்கோல் நிறம்கூடத் தேவையில்லை. நுனி மூக்கில் ஏறும் காரமான பச்சை வாசனை போய், இனிப்பு கலந்த ஒரு வாசனை வரும் பாருங்கள், அங்கே நிறுத்திவிட வேண்டும். துண்டுகள் அப்போது கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், நிறம் மாறியிருக்காது. நான் வாணலியைச் சூடாக்காமலேயே ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயையும் பூண்டையும் சேர்த்துப் போட்டுச் சிறுதீயில் வைக்கிறேன். இரண்டும் ஒன்றாகச் சூடேறும்போது அவசரப்பட வேண்டியதில்லை, 2 அல்லது 3 நிமிடம் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம் நடுவில் இருக்கும் பச்சைக் குருத்து. பழைய பூண்டில் முளைவிட்டிருக்கும் அந்தக் குருத்துக்கு ஒரு கூர்மையான சுவை உண்டு. நீண்ட நேரம் வேகும் சமையலில் அது தெரியாது. மூன்று நிமிடத்தில் முடியும் இந்தச் சாஸில் தெரியும். பல்லை நீளவாக்கில் பிளந்து, கத்தி நுனியால் குருத்தை எடுத்துவிடுகிறேன்.

நறுக்குவதிலும் வித்தியாசம் இருக்கிறது. பூண்டின் காரம் முழுப் பல்லில் இல்லை. வெட்டும்போதும் நசுக்கும்போதும் உள்ளே தனித்தனியாக இருக்கும் அலீன் என்ற பொருளும் அலீனேஸ் என்ற நொதியும் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. அந்த நொதி சூட்டில் செயலிழந்துவிடும். அதனால் நறுக்கிய உடனே அடுப்பில் போடாமல் பத்து நிமிடம் பலகையிலேயே விட்டுவிட்டால் வாசனை நன்றாக ஏறுகிறது. மையாக அரைத்தால் காரம் மிக அதிகம், அதோடு ஈரப்பசையாக வாணலியில் ஒட்டிச் சீக்கிரம் கருகும். கத்தியால் கடுகளவுக்குப் பொடியாக நறுக்குவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அரை கிலோ இறாலுக்கு 6 பல் எடுத்தால், 5 பல்லை வெண்ணெயில் வேகவைத்து, ஒரு பல்லைத் துருவிக் கடைசியில் பச்சையாகச் சேர்க்கிறேன். வெந்த பூண்டின் இனிப்பும் பச்சைப் பூண்டின் சுருக்கென்ற காரமும் இரண்டும் கிடைக்கிறது. இந்தச் சின்ன விஷயத்துக்காகவே இந்தச் சாஸைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

ஒருமுறை நறுக்கிய பூண்டை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் பார்த்தால் துண்டுகள் நீலப் பச்சையாக மாறியிருந்தன. கெட்டுவிட்டதென்று அத்தனையையும் கொட்டிவிட்டேன். கொட்டியிருக்க வேண்டாம். புளிப்பு படும்போது பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு சேர்ந்து தரும் நிறம் அது, சாப்பிட ஒரு கேடும் இல்லை.

இப்போது இறால். என் பழைய முறையில் வெண்ணெய், பூண்டு, இறால் மூன்றும் ஒரே வாணலியில் ஒன்றாக விழும். அது ஒத்துவராது. இறால் மேற்புறம் லேசாகச் சிவந்து வர வாணலி 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்க வேண்டும். வெண்ணெயின் பால் திடப்பொருளோ 150 டிகிரிக்கு முன்பே பழுப்பாகி, அதைத் தாண்டினால் கருகத் தொடங்கிவிடும். பூண்டும் அப்படித்தான். ஒன்றுக்கு வேண்டிய சூடு மற்றதைக் கெடுக்கும். அதனால் இறாலை எண்ணெயில் தனியாக வதக்கி எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் சாஸ் செய்து, இறாலைத் திரும்பச் சேர்க்கிறேன்.

உரித்துச் சுத்தம் செய்த இறாலைத் துணியிலோ காகிதத் துண்டிலோ ஒற்றி ஈரமில்லாமல் எடுப்பது மிக முக்கியம். ஈரம் இருந்தால் அது வறுபடாது, தன் தண்ணீரிலேயே அவிந்து ரப்பர் மாதிரி ஆகும். உறைந்த இறாலாக இருந்தால் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, பனி முழுவதும் விட்ட பிறகு ஒற்றி எடுங்கள். அரை கிலோவையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு தடவையாகப் போடுங்கள், ஒன்றன்மேல் ஒன்று விழாமல். நடுத்தர அளவு இறாலுக்கு ஒரு பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம் போதும். நேராக இருந்த இறால் பிறைபோல வளைந்து, வாலும் தலைப்பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் பதம் கடந்துபோய்விட்டது. நடுவில் கண்ணாடிபோன்ற கீற்று மெல்லியதாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம், கடைசியில் சாஸில் புரளும்போது அது வெந்துவிடும். பரிமாறும்போது உள்ளே முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உரித்த ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தச் சாஸுக்கு முதலில் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றேனே, அந்தத் தண்ணீரை ஓட்டிலிருந்தே எடுக்கலாம். ஓட்டையும் தலையையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் செக்கச்செவேல் என்று ஆகும்வரை வறுத்து, ஒன்றரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி, 15 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதை மறுபடி அடுப்பில் வைத்து கால் கோப்பையாக வற்றவிடுங்கள். செம்மஞ்சளாக, கடல் வாசம் இறுகிய ஒரு சாறு கிடைக்கும். வெறும் தண்ணீரில் செய்த சாஸும் நல்ல சாஸ்தான், ஆனால் அது வெண்ணெய்ச் சாஸ். இந்தச் சாற்றில் செய்தது இறாலுக்கென்றே பிறந்த சாஸ்.

இறாலை எடுத்த வாணலியின் அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பதைக் கழுவிவிடாதீர்கள். அடுப்பை அணைத்து வாணலியை இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். நான் பொறுமை இழந்து பலமுறை கெடுத்தது இந்த இடத்தில்தான், வறுத்த சூட்டோடு பூண்டைப் போட்டால் கண்முன்னே கறுத்துவிடும். ஆறிய பிறகு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் பூண்டும் சேர்த்துச் சிறுதீ. பூண்டு பதமானதும் மூன்று மேசைக்கரண்டி ஓட்டுச் சாறு ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கரைத்துவிட வேண்டும். சாறு ஊற்றிய கணமே பூண்டு கருகும் அபாயம் தீர்ந்தது, ஏனென்றால் தண்ணீர் இருக்கும்வரை அதில் கிடக்கும் பூண்டின் சூடு ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டாது. அப்புறம் 75 கிராம் குளிர்ந்த வெண்ணெயை இரண்டு இரண்டு துண்டாகப் போட்டு ஆட்டிக்கொண்டே இருங்கள். குமிழ் வந்து கொதிக்கத் தொடங்கினால் உடனே வாணலியைத் தூக்கிவிடுங்கள். அடுப்பில் பாதி நேரம், கையில் பாதி நேரம் என்று இருந்தால் சரியாக வரும்.

எல்லாம் சேர்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, துருவிய பச்சைப் பூண்டு, பொடித்த மிளகு, பொடியாக நறுக்கிய பார்ஸ்லியோ மல்லித்தழையோ. எலுமிச்சையை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் அதன் மணம் பறந்துபோய்ப் புளிப்பு மட்டும் மிஞ்சும். தோலின் மஞ்சள் பகுதியைக் கொஞ்சம் துருவிச் சேர்த்தால் மணம் இன்னும் தூக்கலாக இருக்கும், வெள்ளைப் பகுதி மட்டும் வரக்கூடாது, அது கசக்கும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். இறாலில் இயல்பாகவே உப்பு உண்டு, வற்றிய சாற்றில் அது இறுகியிருக்கும், உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் அதுவும் சேர்ந்துகொள்ளும். நான் இதற்காகவே உப்பில்லாத வெண்ணெய் வாங்குகிறேன். கடைசியாக, எடுத்துவைத்த இறாலையும் தட்டில் அது விட்டிருக்கும் நீரையும் சேர்த்து, அரை நிமிடம் மிதமான சூட்டில் புரட்டி இறக்கிவிடலாம்.

இப்படிச் செய்து அம்மாவுக்குப் பரிமாறியபோது அவர் இறாலைச் சாய்த்து வைக்கவில்லை. கரண்டியால் சாஸை வழித்து, "இன்னிக்கு என்ன கிரீம் போட்டியா?" என்று கேட்டார். "இல்லம்மா, அதே வெண்ணெய்தான்" என்றேன். நம்பாமல் வாணலியை எட்டிப் பார்த்தார்.

சாஸ் சில நேரம் பிரியத்தான் செய்யும். மேலே எண்ணெய் பளபளவென்று வளையம் கட்டினால் அதுதான் அறிகுறி. பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தண்ணீர் வற்றியிருக்கும், அல்லது சூடு ஏறியிருக்கும். வாணலியை இறக்கி, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் அல்லது ஒரு சின்னப் பனிக்கட்டி போட்டு வேகமாக ஆட்டினால் பத்தில் எட்டு முறை திரும்பச் சேர்ந்துவிடுகிறது. சேரவில்லை என்றால் வேறொரு வாணலியில் ஒரு கரண்டி வெந்நீர் வைத்து, பிரிந்த சாஸைச் சிறுகச் சிறுக அதில் ஊற்றிக் கலக்குங்கள். மிஞ்சிய சாஸைச் சூடாக்கும்போதும் இதே வழிதான், ஒரு கரண்டி தண்ணீரோடு சிறுதீயில். தட்டும் குளிர்ந்திருக்கக் கூடாது. ஜில்லென்ற தட்டில் ஊற்றிய சாஸ் ஓரத்திலிருந்து உறைந்து வரும். பரிமாறும் முன் தட்டை வெந்நீரில் அலசித் துடைத்துக்கொள்வேன்.

மற்ற கடலுணவுகளுக்கும் இதே சாஸ்தான், சின்னச் சின்ன மாற்றத்தோடு. சிப்பி வகைகள் மூடிய பாத்திரத்தில் வாய் திறக்கும்போது தாமே நிறைய நீர் விடும். அந்த நீர் நல்ல உப்பு, அதனால் வடிகட்டி அதையே சாறாக வைத்துக்கொண்டு, தனியாக உப்பே போடுவதில்லை. கணவாயைச் சூடான வாணலியில் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் ரப்பராகிவிடும். பிறகு மறுபடி மெத்தென்று ஆக அரை மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டியிருக்கும். மீன் துண்டைச் சாஸில் புரட்டினால் உடையும், வறுத்துத் தட்டில் வைத்து மேலே ஊற்றுவதே நல்லது. நண்டு மட்டும் விதிவிலக்கு. ஓட்டை உடைத்து, சதையை எடுத்துத் தோய்த்துச் சாப்பிடுவதற்கு நேரமாகும், அதற்குள் சாஸ் ஆறிப் பிரிந்துவிடும். அதனால் நண்டுக்கு நான் வெண்ணெயை உருக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த கொழுப்பை மட்டும் எடுத்து, அதில் பூண்டை மெதுவாக வேகவைத்து, சின்னக் கிண்ணத்தில் சூடாகக் கொடுத்துவிடுகிறேன். நண்டுச் சதையின் ஈரத்துக்கு அது பொருத்தமாக இருக்கிறது.

முன்கூட்டியே பூண்டு வெண்ணெய் பிசைந்து வைத்துக்கொள்ளலாமா என்று தங்கை கேட்டாள். வைக்கலாம், ஆனால் இதில் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. பச்சைப் பூண்டு மண்ணிலிருந்து வருவது, அதில் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். எண்ணெயிலோ வெண்ணெயிலோ அமிழ்ந்து, காற்றுப் படாமல், புளிப்பும் இல்லாமல், அறையின் சூட்டில் இருந்தால் அவை வளர்ந்து நச்சை உண்டாக்கும். நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்காமலும் போகலாம். ஆகவே பூண்டு கலந்த வெண்ணெயை மேடையில் விடவே மாட்டேன். செய்த கையோடு ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் விரல் கனத்துக்கு உருட்டிச் சுற்றி, துண்டு போட்டு ஃப்ரீசரில். உறைந்த துண்டு சாஸில் போட இன்னும் வசதி, அது ஏற்கெனவே குளிர்ந்திருக்கிறது. டப்பாவின் மூடியில் தேதி எழுதி ஒட்டிவிடுகிறேன், தங்கைக்குக் கொடுத்து அனுப்பிய டப்பாவிலும் ஒட்டித்தான் அனுப்பினேன்.